ரூம் சாவிக்கு ஆதார் நகலா?

கேள்வி: லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவர் தன் சொந்த செல்போனில் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் 'போலீஸ் ரூல்' என்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். தங்குபவர் யார் என்று பார்த்து லெட்ஜரில் எழுதுவது விடுதியின் கடமை. அதற்கு ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதாரைக் காட்டினாலும் அந்த 12 இலக்க எண்ணை அவர்கள் சேர்த்துவைக்கக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த ஆதார் சட்டம் 8ஏ பிரிவு இதைத் தெளிவாகத் தடுக்கிறது. உங்கள் சம்மதம் வாங்கவும், ஆதாருக்குப் பதில் வேறு என்ன தரலாம் என்று சொல்லவும் அதே பிரிவு கட்டாயப்படுத்துகிறது. எந்த ரிசப்ஷனில் சொல்கிறார்கள்?

2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இப்போதைக்கு நம்பி இருக்காதீர்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. வணிகர்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். அதிலும் ஒரு பெரிய ஓட்டை: டிஜிட்டல் தரவுக்கே அந்தச் சட்டம் பொருந்தும். செல்போன் படம் அதில் அடங்கும். மேஜை டிராயரில் கிடக்கும் ஜெராக்ஸ், யாராவது ஸ்கேன் செய்யும்வரை அடங்காது. பழைய ஜெராக்ஸ் கட்டுகள் எடைக்குப் போகிற ஊரில் இது என்ன நியாயம்?

கையோடு 'மாஸ்க்டு ஆதார்' வைத்துக்கொள்ளுங்கள். மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, பதிவிறக்கும்போது மாஸ்க் கட்டத்தை டிக் செய்யுங்கள். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். பழைய மொபைல் எண்ணே பதிவில் இருந்தால் ஓடிபி வராது. சேவை மையத்தில் அதை முதலில் மாற்றுங்கள். பிடிஎஃப் பாஸ்வேர்டு, ஆதாரில் உள்ள பெயரின் முதல் 4 எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. பலர் தடுமாறுவது இனிஷியலில்: பெயருக்கு முன் இனிஷியல் இருந்தால் அதுவும் அதன் புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது.

நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், விடுதிப் பெயர், தேதி, 'தங்குவதற்கு மட்டும்' என்று புகைப்படத்தின் ஓரத்தைத் தொட்டுக் குறுக்காக எழுதுங்கள். வெற்றிடத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுக்கலாம். ஏற்கெனவே செல்போனில் எடுத்திருந்தால் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்; கேலரியில் அழித்தது குப்பைத்தொட்டியில் இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பியது அங்கேயும் இருக்கும்.