மீனுக்கும் கோழிக்கும் இதேதானா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் நடத்துகிறேன். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதாலமஸிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது, சோமடோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை நிறுத்துகிறது என்று சொல்லி பாடத்தை முடித்துவிடுவேன். போன வாரம் ஒரு மாணவி, "மீனுக்கும் கோழிக்கும் இதேதானா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

பாதி சரி. நிறுத்தும் வேலையைப் பொறுத்தவரை உங்கள் பதில் அப்படியே நிற்கும். சோமடோஸ்டாட்டினின் 14 அமினோ அமிலச் சங்கிலி தங்கமீனிலும் மனிதரிலும் ஓர் இடம்கூட மாறாமல் ஒன்றாகவே இருக்கிறது. அது கிடைத்த கதையும் நல்ல கதை. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரோஜர் கியமனின் குழு தேடியது சுரக்கத் தூண்டும் பொருளை. 1973-ல் செம்மறியாட்டு மூளையிலிருந்து கையில் சிக்கியதோ தடுக்கும் பொருள். தூண்டுவது கிடைக்க 1982 ஆகிவிட்டது. அதுவும் மூளையிலிருந்து அல்ல, நோயாளிகளின் கணையக் கட்டியிலிருந்து.

தூண்டும் பக்கம்தான் விலங்குக்கு விலங்கு மாறுகிறது. தைராய்டைத் தூண்டச் சொல்லி மூளை அனுப்பும் டிஆர்ஹெச் இருக்கிறதே, அதைக் கோழிக்குஞ்சுக்கு ஊசியில் போட்டால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் விறுவிறுவென்று ஏறும். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி தவளையிலும் அதற்கு இசையும். நலமாக இருக்கும் மனிதருக்கு அதையே போட்டால் வளர்ச்சி ஹார்மோன் பொதுவாக அசையாது.

மீனில் அமைப்பே வேறு. நமக்கு மூளையின் செய்தி சின்ன ரத்தக்குழாய்கள் வழியாக பிட்யூட்டரிக்குப் போகிறது. எலும்பு மீன்களில் மூளையின் நரம்பு இழைகளே பிட்யூட்டரிக்குள் நுழைந்து, சுரக்கும் செல்லின் பக்கத்திலேயே முடிகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டரும் சகாக்களும் தங்கமீனை வைத்து இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். அங்கே டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருள் வளர்ச்சி ஹார்மோனை வெளியே தள்ளுகிறது, நார்எபிநெஃப்ரின் என்ற இன்னொன்று இழுத்துப் பிடிக்கிறது. முட்டையையும் விந்தையும் முதிரவைக்கும் ஜிஎன்ஆர்ஹெச்கூட அதைத் தூண்டுகிறது! எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். பருவம் வந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் மீன். கிடைத்த இரையை முட்டைக்கும் உடம்புக்கும் அதுதான் பங்கு போட வேண்டும். இரண்டு கணக்கையும் ஒரே செய்தி தொட்டுச் செல்வதில் பெரிய நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

1999-ல் எலியின் இரைப்பையில் கண்டுபிடிக்கப்பட்ட கிரெலின் என்ற ஹார்மோனோ மீன், தவளை, கோழி, மனிதர் என்று எல்லாரிடமும் தூண்டும் வேலையைச் செய்கிறது.

பாலூட்டிகள் எல்லாம் ஒன்று என்றும் சொல்லிவிடாதீர்கள். மனிதர் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் கூடும். கொழுப்பைக் கரைத்து உடம்பை ஓட்ட அது தேவைப்படுகிறது. ஆனால் கல்லீரல் அந்த நேரத்தில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைக் குறைத்துவிடுவதால் உயரம் கூடுவதில்லை. எலியைப் பட்டினி போட்டாலோ, ஏறக்குறைய மூன்றேகால் மணிக்கு ஒருமுறை பொங்கும் அதன் சுரப்பு படுத்துவிடுகிறது.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம், "அன்றைக்கு நான் சொன்னது பாதிதான் சரி" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் கரும்பலகையில் ஒரு தங்கமீனை வரைந்து, மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு அந்த நரம்பு இழைகளை அவளையே வரையச் சொல்லுங்கள்.