மண்சட்டியையும் வெளியே எடு

அன்புள்ள ஐயா,

யூதர்கள் தோராவை (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசித்து ஒரே வருடத்தில் முடிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதே வரிசையில் ஆரம்பித்தேன். ஆதியாகமம் கதை கதையாக ஓடியது. லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டேன். தோல் நோய், துணியில் நோய், கடைசியில் வீட்டுச் சுவருக்கும் நோயாம்! அன்றாட வாழ்க்கைக்கு இதில் என்ன கிடைக்கும்? பேசாமல் பண்டிகைகளைப் பற்றி மட்டும் படித்துக்கொள்ளட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். தஸ்ரியா, மெட்ஸோரா என்ற அந்த இரண்டு பகுதிகளும் பல வருடங்களில் சேர்ந்து ஒரே சனிக்கிழமையில் வரும். பதின்மூன்று வயதில் முதல்முறை சபையில் வாசிக்கப்போகும் பையனுக்கு அந்த வாரம் அமைந்துவிட்டால் பாவம்தான். ஆனால் வேறு பகுதிக்கு மாற்றிக்கொள்ள முடியாது. மொத்தம் 54 பகுதிகள், அந்தந்த வாரத்துக்கு எதுவோ அதுதான். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான். நம் இஷ்டத்துக்கு விட்டால் ஏற்கெனவே பிடித்ததையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்போம்.

உங்களை நிறுத்திய அந்தச் சுவருக்கே வருகிறேன். 14ஆம் அதிகாரம். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தெரிந்தால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம், அதாவது பூசாரியிடம், போய்ச் சொல்ல வேண்டும். எப்படி? ‘வீட்டில் நோய் வந்திருக்கிறது’ என்றல்ல, ‘நோய் மாதிரி ஏதோ தெரிகிறது’ என்று. விஷயம் தெரிந்த பண்டிதனே ஆனாலும் அந்த ‘மாதிரி’யை விடக் கூடாது என்கிறது மிஷ்னா (சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட, ரபிகள் என்ற யூத மத அறிஞர்களின் சட்ட நூல்). கூகுளில் பார்த்துவிட்டு டாக்டரிடம் நோயின் பெயரையே சொல்கிற ஆள் நான். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம், ஆசாரியன் வருவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அவர் வந்து தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் சாமான்களும் தீட்டு. அதே மிஷ்னாவில் ரபி மெய்ர் கேட்கிறார்: இப்படி அவசரமாக வெளியே எடுத்து எதைக் காப்பாற்றுகிறோம்? துணியையும் மரச்சாமானையும் செம்பு, இரும்பையும் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும். மண்பாண்டத்துக்குத்தான் அந்த வழி இல்லை, உடைக்க வேண்டியதுதான். ஆக, சல்லிக்காசு பெறாத மண்சட்டிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். இதைப் படித்த அன்று நான் மேலே படிக்கவில்லை.

பண்டிகைக்குத் தாவினாலும் சட்டி உங்களை விடாது. கூடாரப் பண்டிகையில் ஏழு நாளும் இலைதழை வேய்ந்த பந்தலில்தான் சாப்பாடு. இரவில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி கூரை போடுவது நல்லது என்பார்கள். மழை வந்தால்? எப்போது எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்பதற்கு மிஷ்னா தரும் அளவு, கூழ் கெட்டுப்போகிற அளவுக்கு மழை விழுந்தால். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நனைந்த கூழைக் குடித்துப் பார்த்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அந்தப் பண்டிகை முடிந்த கையோடு சிம்காத் தோரா. மோசே இறக்கும் கடைசிப் பகுதியை வாசித்துவிட்டு, அதே நாளில் ‘ஆதியிலே’ என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். அதனால் விட்ட இடத்தைத் தேடாதீர்கள். இந்த வாரம் என்ன பகுதியோ அதில் ஏறிக்கொள்ளுங்கள். லேவியராகமம் எப்படியும் பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பி வரும்.