டிமீனர் என்றால் இழிவா?

கேள்வி: 'சாட்சியின் டிமீனரை நீதிபதி குறித்துக்கொண்டார்' என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். டிமீன் என்றால் இழிவுபடுத்துவது. அப்படியானால் சாட்சி அவமானப்படுத்தப்பட்டாரா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: இல்லை. ஒரே எழுத்துகளில் இரண்டு டிமீன் உண்டு. இழிவுபடுத்தும் டிமீன், 'தாழ்ந்த' என்று பொருள்படும் 'மீன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. டிமீனருக்குத் தாய் வேறு: நடத்திச் செல்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினை. நம் 'நடத்தை'யும் 'நட' என்ற வினையில் பிறந்ததுதானே!

முகம், பார்வை, குரல், நிற்கிற விதம் எல்லாம் சேர்ந்து வெளியே தெரிவதுதான் டிமீனர். 'தோரணை' நெருங்கி வரும்; ஆனால் அதில் மிடுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கூச்ச சுபாவிக்குப் பொருந்தாது. 'நடந்துகொண்ட விதம்' பாதுகாப்பு.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 280 இதற்காகவே இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பதில் சொல்லும் முன் யாரையோ பார்த்தார், எளிய கேள்விக்கும் திணறினார் என்பது போன்றவற்றை, முக்கியமென்று தோன்றினால் நீதிபதி எழுதி வைக்க வேண்டும். மேல்முறையீட்டில் காகிதம்தான் போகும், முகம் போகாது. ஆனால் கோர்ட்டைக் கண்டாலே உண்மை பேசுபவருக்கும் வியர்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: சிபாரிசுக் கடிதத்தில் பிஹேவியர், ஆட்டிட்யூட், டிமீனர் – எதை எழுதுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: கடை கேஷியரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கத்தியும் முகம் சுளிக்காமல் பேசினால், அது டிமீனர். உள்ளுக்குள் 'சனியன் எப்போது போகும்' என்று நினைத்தால், அது ஆட்டிட்யூட். மீதிச் சில்லறையில் பத்து ரூபாயை அமுக்கினால், பிஹேவியர். மூன்றும் மூன்று திசையில் போகலாம்.

வெறும் 'குட் டிமீனர்' சப்பென்றிருக்கும். 'ஏ காம் டிமீனர்', 'ஏ சியர்ஃபுல் டிமீனர்' என்று எப்படிப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். முன்னால் அந்த 'ஏ' விட்டுப்போகக் கூடாது. ஒருவரைப் பற்றி எழுதும்போது பன்மை வேண்டாம். உச்சரிப்பில் அழுத்தம் 'மீ'யில், 'டெமனோர்' இல்லை. கடைசியில் வரும் 'ஓ யு ஆர்' பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர் 'யு'வை விட்டுவிடுவார்கள். முன்னால் 'மிஸ்' சேர்ந்தால் மட்டும் ஜாக்கிரதை: மிஸ்டிமீனர் என்பது சிறு குற்றம்.