போலீஸ் ஸ்டேஷனில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து மாத்திரை கொடுக்க விடுவார்களா?

தினமும் மாத்திரை சாப்பிடும் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், கொண்டுபோனால் வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சுகரா, பிரஷரா, வலிப்பா, எதுவும் எழுதவில்லை. எதுவானாலும் முதலில் டாக்டர் சீட்டைத் தேடி எடுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

எங்களுக்குத் தேவிபட்டினம் பக்கம், கடற்கரை ஊர். தம்பிக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு, காலையும் ராத்திரியும் வால்ப்ரோயேட் மாத்திரை. கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கரையில் உட்கார்ந்து வலையில் நண்டு கழற்றுவான். 2019-இல் ஒருநாள் எடை போடுகிற இடத்தில் வியாபாரியோடு வாய்த்தகராறு கைகலப்பாகி, சாயங்காலம் இவனை மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வியாபாரி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிலோவுக்கு நூறு கிராம் தண்ணிக் கழிவு என்று பிடிக்கிறார்களே, விடிய விடிய வலையில் கிடந்து பிடித்த நண்டில் எங்கே இருந்து வந்தது நூறு கிராம் தண்ணீர்? அதே நண்டைக் கம்பெனிக்கு விற்கும்போது இவர் கழிவு கொடுப்பாரா? கேட்டால் ஸ்டேஷன். சரி, அது வேறு கதை.

எட்டரை மணிக்கு சீட்டு இல்லாமல் வெறும் மாத்திரையோடு போய் நின்றேன். ரைட்டர் வாங்கி லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மெடிக்கலில் நாலே நாலு மாத்திரைக்கு அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பெயர் போட்ட பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது, என் துண்டில் 500 என்று மட்டும் இருந்தது. "தூக்க மாத்திரையா என்னன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? உள்ளே ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிரும்" என்றார். அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றாத குறை. இப்போது யோசித்தால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. போலீஸுக்கு வக்காலத்தா என்று கிளம்பிவிடாதீர்கள், தெரியாவிட்டால் அரசு டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், என்னைத் திருப்பி அனுப்பியது தப்புதான்.

விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. இந்த மாத்திரையில் ஒரு வேளை விட்டாலே சிலருக்கு வந்துவிடும். பாராவில் இருந்த காவலர் பதறிப்போய்ச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்திருக்கிறார், நம் ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். தூக்கினார்கள், அந்த மட்டும் நல்லது. நான் போய்ப் பார்க்கும்போது சாவிப் பல் அழுந்திய தடம் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதற்கப்புறம் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காவலில் இருப்பவரின் உடல்நலத்தைக் கவனிப்பது வைத்திருப்பவரின் கடமை, 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 56-வது பிரிவு. பழைய சட்டத்திலும் 55ஏ என்று இருந்ததுதான், எனக்குத்தான் தெரியவில்லை. கைது செய்தால் டாக்டர் பரிசோதனை உண்டு, காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "சும்மா விசாரணைதான்" என்பார்கள், கைதா இல்லையா என்று கேளுங்கள். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே அண்ணனே வாய் திறந்து மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும், ரிமாண்ட் ஆனால் ஜெயில் டாக்டருக்கும் அந்தச் சீட்டு போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் போடுங்கள், இலவச சட்ட உதவி.

வெட்டாத முழு அட்டை, சீட்டு, சீட்டுக்கு மூன்று ஜெராக்ஸ். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேளுங்கள், போடாவிட்டால் எத்தனை மணிக்கு யாரிடம் கொடுத்தீர்கள் என்று நீங்களே பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு இன்சுலின் என்றால் ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுபோங்கள், ஐஸ்மேல் நேராகப் படாமல் துணி சுற்றி. சாப்பாடும் சேர்த்து. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அது இன்னொரு ஆபத்து.

என்ன மாத்திரை என்று கீழே எழுதுங்கள்.