அண்ணனுக்கு நோய்ப்பெயர் வைக்கலாமா?

கேள்வி: இணையத்தில் உளவியல் சான்றிதழ் படிப்பு ஒன்றை முடித்திருக்கிறேன். இப்போது யாருடன் பேசினாலும் அவருக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துவிடுகிறது. எப்போதும் தன்னைப் பற்றியே பேசும் என் அண்ணன் ஒரு நார்சிஸ்ட். மேசையில் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும் என்கிற மேலதிகாரிக்கு ஓசிடி. காலையில் சிரித்து மாலையில் சிடுசிடுக்கும் தோழிக்கு பைபோலார். சொன்னால் கோபப்படுகிறார்கள். எனக்கும் சில மாதங்களாகத் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. உளவியலில் பட்டம் வாங்கிவிட்டால் என்னையும் சரிசெய்துகொண்டு மற்றவர்களுக்கும் உதவலாம் என்று நினைக்கிறேன். சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் அடுத்தவர் மனதைப் படிக்கும் வித்தையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தருவதில்லை. அங்கே போனால், உங்களுக்கு இப்போது வந்திருக்கும் அந்த வித்தையையும் பறித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள்.

முதலில் அந்த மூன்று பேர். ஓசிடி உள்ளவருக்கு வரிசையாக அடுக்குவதில் மகிழ்ச்சி இருக்காது. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும். அதை அடக்கச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே கழியும், அல்லது வேலையும் உறவும் கெடும் அளவுக்கு வதைக்கும். பைபோலாரில் மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகமோ எரிச்சலோ ஆட்டிப்படைக்கும் நிலை, என்று சொல்ல, அது பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். காலையில் ஒரு மூஞ்சி, மாலையில் ஒரு மூஞ்சி என்பதெல்லாம் மனிதர்களுக்குச் சகஜம். அண்ணனை “சுயநலக்காரர்” என்று திட்டியிருந்தால் சண்டை போட்டு, அப்புறம் சமாதானமாகியிருப்பீர்கள். நோய்ப்பெயர் வைத்ததும் அவர் பேசுவதெல்லாம் அறிகுறியாகிவிடுகிறது. மறுத்துப் பேசினாலும் அதுவும் அறிகுறி! பாவம், அவர் என்னதான் செய்வார்?

“தெரிந்துவிடுகிறது” என்கிறீர்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு, “இது உங்கள் குணத்தைப் பற்றிய தனிப்பட்ட அறிக்கை” என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. தாளில் இருந்ததோ எல்லாருக்கும் ஒரே வாசகம், அதுவும் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நமக்குத் தோன்றுவதை நம்பி ஒருவரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்பதை இப்படித்தான் அந்தத் துறை கற்றுக்கொண்டது. உங்கள் சான்றிதழ் படிப்பில் இந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறது.

நினைவைப் பற்றிய பாடம் இதைவிடச் சுவையானது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் ஒரு கார் விபத்துத் திரைப்படத் துண்டைக் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் “மோதியபோது” என்ன வேகத்தில் போயிருக்கும் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் அதே கேள்வியை, “நொறுங்க மோதியபோது” என்று அழுத்திக் கேட்டார்கள். இரண்டாமவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். அது போகட்டும். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் மாறிய ஒரு சொல், பார்க்காததைப் பார்த்ததாக நினைக்க வைத்துவிட்டது. “அன்றைக்கு நீ இப்படித்தான் சொன்னாய்” என்று அண்ணனோடு மல்லுக்கு நிற்கும்போது இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நினைவில் கோளாறு என்று நிரூபிக்க அல்ல. உங்கள் நினைவும் அதே சரக்குதான்.

துறை தன்னையே சந்தேகித்தும் பார்த்திருக்கிறது. பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் மறுபடியும் தெளிவான முடிவு வந்தது. இதைக் காட்டி உளவியலே பொய் என்பவர்கள் உண்டு. இப்படித் தன் கணக்கைத் தானே திறந்து காட்டியதால்தான் எனக்கு அதன் மீது மதிப்பு கூடியது.

சரி, உங்கள் தூக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே வரி அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டிருந்தால் மனச்சோர்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களே பார்க்கக் கூடாது, மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறும் இப்படி ஆளை முடக்கும், அதைப் பாடப்புத்தகம் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் தூக்கமின்மைதான் என்றாலும் உளவியலிடம் நல்ல மருந்து இருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, மாத்திரைக்கு முன்பே தர வேண்டிய முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்காதே, எழுந்து போய்விட்டுத் தூக்கம் வரும்போது திரும்பி வா என்பது அதில் ஒரு பகுதி. ஆனால் இதெல்லாம் சிகிச்சை. அதற்கு நோயாளியாகப் போக வேண்டும். மாணவராகச் சேர்ந்து மூன்று வருடம் காத்திருப்பானேன்? இந்த வாரமே போங்கள்.

பட்டம் வாங்கியதும் பிறருக்குச் சிகிச்சை தரலாம் என்பதும் நடக்காது. அதற்கு மேற்படிப்பு வேண்டும், அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் நீண்ட பயிற்சி வேண்டும். அவ்வளவும் முடித்தவர்கள்கூடச் சொந்த அண்ணனுக்குச் சிகிச்சை தர மாட்டார்கள். தொழில் ஒழுக்கம் அதற்கு இடம் தராது. தோழிக்கு உதவ வேண்டுமா? இன்று ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். இதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

இன்னொன்று, உளவியல் பட்டப்படிப்பில் புள்ளியியலும் வரும். கனவு விளக்கம் எப்போது வரும் என்று காத்திருந்த பலர் அங்கேதான் காணாமல் போகிறார்கள். அதைத் தாண்டியும் ஆர்வம் மிச்சமிருந்தால் மறுபடி எழுதுங்கள், எந்தப் பிரிவை எடுக்கலாம் என்று அப்போது பேசுவோம்.