தலைக்குள் ஓடும் பட்டியலைத் தாளில் இறக்குங்கள்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மார்ச் வந்தாலே தலைக்கு மேல் வேலை. மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மாமியாருக்கு மாத்திரை தீரும்முன் வாங்கிவைக்க வேண்டும். தினமும் எதையாவது மறக்கிறேன். படுத்தால் பாக்கி வேலைகள்தான் கண்முன் நிற்கின்றன. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். என்ன செய்யலாம்?
– ஈரோடு வாசகி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஞாபக மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் வவுச்சர், மாத்திரை, கேஸ் புக்கிங் எல்லாவற்றையும் ஒரே தலையில் சுமக்கிறீர்கள். முடிக்காத வேலையை மனசு விடாது. 'மறந்துடாதே' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பகலில் அது எரிச்சல், ராத்திரியில் தூக்கமின்மை.

படுக்கும் முன் 5 நிமிடம், மறுநாள் வேலைகளைக் கையால் எழுதுங்கள். டைரி எதுவும் வாங்க வேண்டாம், புது டைரி ஜனவரியோடு நின்றுவிடும். தினசரி காலண்டரில் அன்றைக்குக் கிழித்த தாளின் பின்பக்கமே போதும். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் எழுதச் சொன்னார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள்.

அந்த விவரம்தான் முக்கியம். 'மாத்திரை' என்று மட்டும் எழுதினால் கவலை அப்படியே இருக்கும். 'சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும், முக்கு மெடிக்கலில், மாமியாரின் பிரஷர் மாத்திரை 2 அட்டை' என்று எழுதிப் பாருங்கள். எப்போது, எங்கே என்பது முடிவாகிவிட்டால் மனசு பிடியைத் தளர்த்தும். தாளில் 5 வேலைக்கு மேல் வேண்டாம். ஆறாவது வந்தால் அது வேறொரு நாளுக்கு, அல்லது வேறொருவருக்கு. உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கேஸ் புக்கிங்கை அவரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்தபின் 'பண்ணியாச்சா' என்று நாலு தடவை கேட்காதீர்கள். கேட்டால் சுமை திரும்ப உங்களிடமே வந்துவிடும்.

காலை நேரத்துக்கு, வாசல் பக்கம் ஒரு கூடை வையுங்கள். வண்டிச் சாவி, ஐடி கார்டு, மகனின் ஹால் டிக்கெட் எல்லாம் ராத்திரியே அதில் போய்விட வேண்டும். சாப்பாட்டுப் பை மட்டும் காலையில் சேரும். வாட்ஸ்அப் குழுக்களை மியூட் செய்துவிட்டு, மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பார்த்தால் போதும்.

கோபம் ஏறும் நேரத்துக்கு: ஆபீஸிலிருந்து வந்ததும் நேராக அடுப்படிக்குள் போகாதீர்கள். முகம் கழுவி, பத்து மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் குக்கர் ஒன்றும் ஓடிவிடாது.

ஏப்ரல் பாதி தாண்டியும் தூக்கமும் எரிச்சலும் இப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை இரண்டிலுமே மறதியும் அசதியும் வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.