‘யெஸ்’னா அனுப்பியாச்சா, அனுப்பலையா?

ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்பவர், திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர்.

ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். லண்டன் பையர் (சரக்கு வாங்குபவர்) போனில், ‘ஹேவன்ட் யூ ஷிப்ட் இட் யெட்?’ என்று கேட்டார். சரக்கு போகவில்லை என்பதால் ‘யெஸ்’ என்றேன். ‘கிரேட், தேங்க்யூ’ என்று வைத்துவிட்டார். என்ன கோளாறு?
– வாசகி, கரூர்

இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்து, உங்களுக்குத் திட்டும் விழுந்திருக்கும். பாவம்தான்.

நீங்கள் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ‘இன்னும் அனுப்பலீங்களா?’ என்றால் ‘ஆமாங்க, அனுப்பல’ என்போம். கேட்டவர் நினைத்தது சரிதான் என்று தலையாட்டுகிறோம். ஜப்பான்காரர்களும் இப்படித்தான். ஆங்கிலக்காரருக்குக் கேட்டவர் என்ன நினைத்தார் என்பது பொருட்டே இல்லை. சரக்கு போயிருந்தால் யெஸ், போகாவிட்டால் நோ. கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் அவ்வளவுதான்.

அவர்கள் மொழியிலும் முன்பு நான்கு சொல் இருந்தது. நேரான கேள்விக்கு ‘யே’, ‘நே’. ‘இல்லையா?’ என்று முடியும் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. பைபிளை மொழிபெயர்த்த டின்டேல் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டார் என்று 16-ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் அவரைப் பிடித்துக் கிழித்திருக்கிறார். பிறகு நான்கு இரண்டாகிப்போனது, அவஸ்தை நமக்கு.

போனில் ஒற்றை ‘யெஸ்’, ஒற்றை ‘நோ’ சொல்லி நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ‘நோ, நாட் யெட். இட் வில் கோ ஆன் ஃப்ரைடே’ என்று வாக்கியத்தை முடியுங்கள். வாய் தவறி ‘யெஸ்’ வந்துவிட்டாலும் பின்னால் வரும் வெள்ளிக்கிழமை காப்பாற்றிவிடும்.

‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்பதிலும் இதே வம்பு. காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி. சம்மதம் என்றால் ‘நாட் அட் ஆல்’.

‘500 இடியம்ஸ்’ (மரபுத்தொடர்கள்) மனப்பாடம் செய்திருக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவில் ‘இட் வாஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள்.
– கல்லூரி மாணவி, தாராபுரம்

இலக்கணம் சரி அம்மணி, வயசுதான் கொஞ்சம் அதிகம். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738-லேயே இதை எழுதிவிட்டார், அதுவும் மேட்டுக்குடியினரின் தேய்ந்துபோன பேச்சைக் கிண்டல் செய்த புத்தகத்தில்! கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் இந்தப் பேச்சு வந்தது என்று உங்கள் புத்தகம் சொன்னால் நம்பாதீர்கள். 1999 வாக்கில் இமெயிலில் சுற்றிய கட்டுக்கதை அது. மழை கொட்டியது என்பதற்கு இன்று சாதாரணமாகச் சொல்வது ‘இட் வாஸ் போரிங்’ (pouring). தமிழில் எழுதினால் சலிப்பு மாதிரி தெரிகிறது, என்ன செய்ய.

இடியம் நாம் பேசுவதற்கு அல்ல, அவர்கள் பேசினால் புரிந்துகொள்வதற்கு என்பது என் கட்சி. புரியாவிட்டால் பணமே போகும். பிரிட்டிஷ் பையர் ‘பை க்ளோஸ் ஆஃப் ப்ளே டுடே’ என்று எழுதுவார். கிரிக்கெட்டில் அன்றைய ஆட்டம் முடியும் நேரத்தைக் குறிக்கும் பேச்சு அது, ஆபீஸில் ‘இன்றைக்கு வேலை முடிவதற்குள்’ என்று அர்த்தம். அவருடைய வேலை. லண்டனில் சாயங்காலம் ஐந்தரை என்றால் திருப்பூரில் கோடையில் ராத்திரி பத்து, குளிர்காலத்தில் பதினொன்று. ஆறு மணிக்கே பதறிக்கொண்டு அரைகுறை விலைப்பட்டியலை அனுப்பிவிட்டுப் பிறகு முழித்தவர்கள் உண்டு.

லேப் டிப்புக்கு (நிறம் சரியா என்று பார்க்க முதலில் அனுப்பும் சாயமிட்ட துணித்துண்டு) வந்த பதில்: ‘ஐ’ம் அஃப்ரெய்ட் இட்’ஸ் எ பிட் ஆன் த ரெட் சைடு. யூ மைட் வான்ட் டு ஹேவ் அனதர் லுக்.’ கொஞ்சம் சிவப்பு, வேண்டுமானால் பாருங்கள் என்கிறார். மொத்தத் துணியையும் பல்க் சாயத்துக்குக் கொடுத்துவிடலாமா?
– ஜூனியர் மெர்ச்சண்டைசர், அவிநாசி

தம்பி, கொடுத்துவிடாதீங்க! அது ரிஜெக்‌ஷன்.

‘ஐ’ம் அஃப்ரெய்ட்’ என்றால் யாரும் பயப்படவில்லை, அடுத்து கெட்ட செய்தி வருகிறது. ‘எ பிட்’ என்பதைக் கொஞ்சம் என்று எடுக்காதீர்கள், கண்ணை உறுத்துகிறது என்று எடுங்கள். ‘யூ மைட் வான்ட் டு’ என்பது உங்கள் விருப்பத்தைக் கேட்பதே அல்ல, ‘திரும்பச் செய்’ என்ற உத்தரவு. நம்மூரில் பெரியவர் ‘அதை ஒருக்கா பார்த்துக்கலாமே கண்ணு’ என்றால் உடனே எழுந்து ஓடுவோம் அல்லவா? அதே மரியாதைதான்.

வெவ்வேறு விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் மறுபடி வைத்துப் பாருங்கள். டி65 பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போய், கடை விளக்கான டிஎல்84-இல் சிவப்படிக்கிறதா? அப்படியென்றால் சாயக் கலவையையே மாற்றச் சொல்ல வேண்டும். பதிலில் நியாயம் பேசாமல், புது டிப் என்றைக்கு வரும் என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. ‘க்வைட் குட்’ என்று அமெரிக்கர் எழுதினால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும் ‘ஏதோ பரவாயில்லை’. கையெழுத்துக்குக் கீழே எந்த ஊர் என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படவும்.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்யவும்) என்று எழுதுவது தப்பா?
– வாசகர், பல்லடம்

தப்பில்லை. பிரிட்டிஷ்காரர் விட்டுப்போனதை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் எது ‘நீட்ஃபுல்’ என்று படிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப் பை தர்ஸ்டே’ என்று வேலையையும் கிழமையையும் எழுதுங்கள். ‘ப்ரீபோன்’ (முன்கூட்டியே நடத்துவது) நம் நாட்டுச் சரக்கு என்று கேலி செய்பவரிடம், 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் வாசகர் கடிதம் ஒன்றில் அது வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

‘வி ஹேவ் ஷிப்ட் இட் எஸ்டர்டே’ என்று எழுதினால் மேனேஜர் ‘ஹேவ்’-ஐ அடிக்கிறார்.
– வாசகி, ஈரோடு

அடிக்கட்டும், அவர் சரி. ‘நேற்று’ என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது: ‘வி ஷிப்ட் இட் எஸ்டர்டே’. நாள் சொல்லாமல் ‘அனுப்பியாச்சு’ என்று மட்டும் சொல்லும்போது ‘வி ஹேவ் ஷிப்ட் இட்’. அமெரிக்கர்கள் ‘வி ஆல்ரெடி ஷிப்ட் இட்’ என்று ‘ஹேவ்’ இல்லாமலும் எழுதுவார்கள். அதை அடித்துத் திருத்த உங்கள் மேனேஜரை விடாதீர்கள்.